எடைக்கு எடை கருப்பட்டி

நான் குண்டாக இருந்தது தானாக நேர்ந்ததல்ல. பாடுபட்டுச் சேர்த்த உடம்பு அது. தாராவியில் எங்கள் சந்தில் யாராவது என்னைப் பார்த்து, "ஆவுடை, ஒனக்கென்னட்டி, ராணி கணக்கா இருக்க" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு தனியாக ருசிக்கும். "என்ன, எளச்சிட்டாப்ல தெரியுது" என்று ஒருத்தி வாய் தவறிச் சொன்னால் போதும், நொறுங்கிய முறுக்கில் நெய்யும் சீனியும் போட்டுப் பிசைந்து ஒரு கிண்ணம் தின்றுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். கடைசி வருஷம் அவர் இளைத்துக்கொண்டே போனதைச் சந்து முழுக்க உட்கார்ந்து பார்த்தது. எச்ஐவி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அந்த வியாதி" என்றார்கள். டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ் வந்தது, அவருக்கு மட்டும் பேப்பர் கப். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அத்தனை பேர் கண்ணும் என் கழுத்தெலும்புக்கு வந்தது. எனக்கும் அது இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், விழுங்கினேன், பிழைத்தேன். அன்று முதல் இன்றுவரை ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை.

விஷயம் தெரிந்தவள் என் நாத்தனார் மாரிசெல்வி ஒருத்திதான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறோம். கையை நம்பிய பிழைப்பு. அந்தக் கையில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். அதனால் தின்றேன். இளைத்தவளுக்கு வியாதி, தடித்தவளுக்குச் சுகம். எங்கள் சந்தின் வைத்திய சாஸ்திரம் அவ்வளவுதான். அந்த சாஸ்திரத்தை வைத்தே அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டிருந்தேன்.

இதில் அம்மனுக்கும் பங்கு உண்டு. ஆரம்பத்தில் நான் காய்ச்சலில் கிடந்து முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்துவிட்டேன். அப்போது மாரி எங்கள் சந்து முத்தாரம்மன் முன்னால் போய் நின்று நேர்ந்துகொண்டாள். "எங்க மதினிய எனக்குத் திருப்பிக் குடு தாயே. வருசா வருசம் கொடைக்கு அவ எடைக்கு எடை கருப்பட்டி குடுக்கோம்." சந்தில் டைபாய்டு என்று சொல்லிச் சமாளித்தோம். அம்மன் என்னைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல் வருஷா வருஷம் கூடவும் போட்டுக் கொடுத்தாள்.

எங்கள் கோயில் ஒரு அறை அளவுதான். தராசெல்லாம் கிடையாது. ஒவ்வொரு சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கும் பழைய சாமான் கிடங்கு வைத்திருக்கும் ஜமால் பாய் தன்னுடைய பெரிய இரும்புத் தராசைக் கொண்டுவந்து, மூன்று குழாயை நட்டுக் கட்டித் தொங்கவிடுவார். மற்ற நாளெல்லாம் பழைய இரும்பும் நசுங்கிய டின்னும் ஏறுகிற தட்டு. அன்றைக்கு மட்டும் மஞ்சளும் குங்குமமும் வைத்து ஒரு பக்கம் என்னை ஏற்றுவார்கள், மறுபக்கம் கருப்பட்டியை அடுக்குவார்கள். முள் நேராக நின்றதும், சரிசமம் என்று இந்தியில் "பராபர்!" போடுகிற ஒரு குரல் சந்து முழுவதையும் எழுப்பும். அந்தக் குரல் பார்வதியம்மாளுடையது.

பார்வதியம்மாள் என்றால் மளிகைக்கடை கணேசபாண்டியன் அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சி கோயில் கமிட்டித் தலைவர். அக்கா அதற்கும் மேலே. சந்தில் என்னோடு போட்டி போடுகிற உடம்பு அவர் ஒருத்தருக்குத்தான் உண்டு. தராசு முள்ளைப் பார்த்து பராபர் சொல்கிற உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவர் சொன்ன பிறகு அண்ணாச்சி மைக்கில் அறிவிப்பார். "ஆவுடையம்மாள், எண்பத்தாறு கிலோ! போன வருசத்த விட மூணு கிலோ கூட!" சந்து கை தட்டும். கருப்பட்டி முழுவதும் பொங்கல் பானைக்குள் போகும். நான்தான் கிண்டுவேன், நான்தான் பரிமாறுவேன், எல்லாரும் தின்பார்கள். எந்த லேபிலும் கிடைக்காத சர்டிபிகேட் அது.

ஆனாலும் எனக்குப் பார்வதியக்காவைக் கண்டால் பயம். தராசு எடைபோடுவதற்கு முன்னாலேயே அவர் கண் எடைபோட்டுவிடும். நான் சந்தில் நடந்தால் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். என்றைக்காவது இவர்தான் என்னைக் கண்டுபிடிக்கப்போகிறார் என்று எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

போன மழைக்காலம் முடிந்து ஆஸ்பத்திரியில் வழக்கமான பரிசோதனைக்குப் போனேன். ரத்தத்தில் ஈரல் கணக்கு சரியில்லை என்று வேறொரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே விலாவில் ஒரு குச்சியை வைத்து டொக் டொக்கென்று தட்டுகிற மெஷின் இருந்தது. தட்டி முடித்ததும் டாக்டர் சாருலதாவிடம் போகச் சொன்னார்கள். பக்கத்து மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் அவள். வயது முப்பதைத் தாண்டாது. ஆனால் கோபம் வந்தால் பெரிய டாக்டர்.

"உங்க வைரஸ் சமத்தாத் தூங்கிண்டிருக்கு. டெஸ்ட்லகூடத் தெரியலை. அதுல உங்களுக்கு நூத்துக்கு நூறு. ஈரல்லதான் ஃபெயில். கொழுப்பு நெறயச் சேந்துடுத்து" என்றாள்.

"நான் குடிக்கதில்லம்மா" என்றேன் விறைப்பாக. ஈரல் கெட்டவர்கள் எல்லாரும் குடிகாரர்கள் என்று நினைத்திருந்தேன். என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்தால் கோபம் வராதா?

"குடிக்காதவாளுக்கும் வரும். வைரஸை வச்சுண்டு வருஷக்கணக்கா இருக்கறவாளுக்கு இன்னும் சுலபமா வரும். மாத்திரையும் கொஞ்சம் சதை போடும். அதுக்காக மாத்திரையை நிறுத்தினேள்னா நான் நேரா ஆத்துக்கே வந்து சண்டை போடுவேன். உங்க சாப்பாட்டைச் சொல்லுங்கோ."

சொன்னேன். நெய், சீனி, முறுக்கு, எண்ணெய், மூன்று வேளைச் சோறு. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஈரல் தடிக்க ஆரம்பிச்சிருக்கு. இப்போ பாத்துண்டா திரும்பும். விட்டா கல்லாயிடும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க எடையில பத்துல ஒரு பங்கு கொறயணும். பட்டினி கெடந்து இல்லை. நடந்து, பாத்துச் சாப்பிட்டு, மெதுவா."

"எளைக்கணுமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தனை வருஷம் எதிலிருந்து ஓடினேனோ அதையே இந்தப் பெண் மருந்தாக எழுதிக் கொடுக்கிறாளே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாரி உலக்கை மாதிரி நின்றாள். "மதினி, அம்மன் குடுத்த எடைய நாமளா எறக்குனா அவ என்ன நெனப்பா? சந்துல என்ன பேசுவாவ? எங்க அண்ணன் எளச்சதப் பாத்தவியதானே எல்லாரும்."

"ஈரல் கல்லாகி நான் செத்தா, கல்லுக்குக் கருப்பட்டி குடுப்பியா?" என்று கத்தினேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு எழுந்து நெய் டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்து, இனி இது உன் பாடு என்றேன். எனக்கு ஒரு குணம். அழுது முடித்தால் பயம் பாதியாகிவிடும், மீதிப் பாதி ஆங்காரமாகிவிடும்.

மறுநாளே நடக்கத் தொடங்கினேன். தாராவியில் நடக்க முடியாது. இடம் இருக்கிறது, நிம்மதி இல்லை. கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு பொம்பளை விடியற்காலையில் நடந்தால் "எங்க போறீய?" என்று வாசலுக்கு வாசல் கேட்பார்கள். அதனால் காலி முறுக்குப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, சரக்குப் போடப் போகிறவள் மாதிரி மாட்டுங்காவுக்குப் போய்விடுவேன். அங்கே ஃபைவ் கார்டன் பூங்காவைச் சுற்றி ஷூ போட்ட அம்மாக்களும் நாய் பிடித்த ஐயாக்களும் நடக்கிறார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. நாய் நடந்தால் அது உடற்பயிற்சி, நான் நடந்தால் நோயா என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே நானும் சுற்றினேன். முதல் வாரம் ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்கியது. தை மாதம் வந்தபோது நாய்களை முந்திக்கொண்டிருந்தேன்.

சாப்பாடுதான் பெரிய பாடு. முறுக்குச் சுடுகிறவள் முறுக்கை வாயில் போடாமல் எப்படி உப்புப் பார்ப்பது? அந்த வேலையை மாரியிடம் விட்டேன். பாவம், எனக்காகத் தின்று தின்று அவள் ரவிக்கை தையல் விட்டது. "ஒங்க சதை எல்லாம் எங்கிட்டல்லா வந்து சேருது" என்று புலம்பினாள். நான் காப்பியில் சீனியை விட்டேன். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் காயும் பயறும் வைத்தேன். நாக்கு சில நாள் என்னைத் திட்டியது, பிறகு அடங்கிவிட்டது.

வெளியே தெரியாமல் மறைப்பது இன்னொரு வேலை. இரண்டு பாவாடைக்கு மேல் மூன்றாவதும் கட்டினேன். கஞ்சி போட்ட சுங்குடிச் சேலையை விறைப்பாகச் சுற்றினேன். பழைய ரவிக்கையைப் பிடித்துத் தைக்கவில்லை, உள்ளே துண்டை மடித்து வைத்தேன். கன்னம் ஒட்டியதைக் கேட்டவர்களிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன் என்றேன். எல்லாரும் நம்பினார்கள். பார்வதியக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

பங்குனியில் அந்த மெஷின் மறுபடி என் விலாவைத் தட்டியது. சாருலதா கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "என்ன பண்ணினேள்?" என்றாள்.

"நடந்தேன்."

"கொழுப்பு எவ்வளவோ கொறஞ்சிருக்கு. தடிப்பும் எறங்கியிருக்கு. நான் இங்க உக்காந்துண்டு நூறு பேருக்குச் சொல்றேன், பண்றவா ரெண்டு மூணு பேர்தான்" என்று எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடுவரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்றிலும் தேறாதவள் நான். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரீட்சையில் தேறியிருந்தேன். அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் குறை.

சித்திரை வந்தது. கொடைக்குப் பந்தல் கால் நட்டார்கள். எட்டு கிலோ குறைந்திருந்தேன். சேலைக்கும் துண்டுக்கும் ஏமாறுகிற சந்து உண்டு, ஏமாறுகிற தராசு இல்லை. இந்த வருஷம் உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றால், அதுவே வியாதி என்று ஆகிவிடும். மாரி இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் முறுக்குத் தராசின் இரண்டு கிலோ எடைக்கல் நான்கை எடுத்து, பழைய போர்வைத் துணியில் வரிசையாக வைத்துத் தைத்து, அரைக்கச்சை மாதிரி என் இடுப்பில் கட்டிவிட்டாள்.

"அசையாம நடங்க மதினி. ரெண்டு நிமிச வேல. பராபர்னு சொன்னதும் எறங்கிரலாம்."

கோயிலுக்குப் போகிற வழி முழுக்க என் இடுப்பில் இரும்புக்கு இரும்பு முட்டிக் கிணுங்கியது. அம்மனின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஜமால் பாய் தட்டைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கல் விலாவில் குத்தியது. எதிர்த்தட்டில் கருப்பட்டி ஏறியது. மேளம் நின்றது. பார்வதியக்கா தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்தார். கருப்பட்டி ஒவ்வொன்றாக ஏற ஏற என் தட்டு எழும்பியது. முள் நேராக நின்றது.

"பராபர்!" என்று அக்கா கத்தினார். அந்த வருஷம் அந்தக் கத்தலில் என்றுமில்லாத ஒரு சந்தோஷம் இருந்தது.

"ஆவுடையம்மாள், எண்பத்தாறு கிலோ! போன வருசம் எவ்வளவோ அவ்வளவே! அம்மன் புண்ணியத்துல நம்ம ஆவுடை அசையாம இருக்கா!" என்றார் அண்ணாச்சி மைக்கில். சந்து கை தட்டியது. மாரி கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

எனக்கு அப்போதுதான் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்குத் தட்டுகிறார்கள் கையை? நாலு இரும்புக் கல்லுக்கு. பனியிலும் வெயிலிலும் நான் நடந்த நடை, வாயைக் கட்டிய பாடு, கண்முன்னே எண்ணெயில் பொரிகிற முறுக்கை ஒரு விள்ளல்கூடத் தொடாமல் இருந்த வைராக்கியம், அந்த டாக்டர் பெண் எழுந்து வந்து குலுக்கிய கை, எல்லாம் ஒன்றுமில்லை. கல்லுக்குக் கைதட்டல். நான் ஜெயித்ததை நானே ஒரு கச்சையில் கட்டி மறைத்துவிட்டு, தோற்றவள் மாதிரி பம்மி உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கேயே தட்டில் உட்கார்ந்தபடி சேலைக்குள் கையை விட்டுக் கச்சையின் முடிச்சை அவிழ்த்தேன். "மதினி, வேண்டாம்" என்று மாரி ஓடிவந்தாள். அதற்குள் உருவித் தரையில் எறிந்துவிட்டேன். சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தத்தில் மேளக்காரர் துள்ளிவிட்டார். என் தட்டு விசுக்கென்று மேலே போனது. கருப்பட்டித் தட்டு தரையைத் தொட்டது. நான் அத்தனை பேர் தலைக்கும் மேலே தொங்கிக்கொண்டிருந்தேன். சந்து முழுக்க என்னை அண்ணாந்து பார்த்தது. எல்லாருக்கும் இசக்கிமுத்து ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"ஆமா, எளச்சிட்டேன்" என்றேன். "எனக்கும் அந்த வியாதி இருக்கு. அதுக்குப் பேரு எச்ஐவி. எங்க வீட்டுக்காரருக்கு இருந்துச்சு, எனக்கும் இருக்கு. மாத்திர சாப்புடுதேன், அது தூங்குது. நான் எளச்சது அதனால இல்ல. எளச்சா ஒங்க கண்ணுல பட்டுருமேன்னு தின்னு தின்னு, ஈரல்ல கொழுப்பு ஏறிப் போச்சு. டாக்டரம்மா எறக்கச் சொன்னாவ. நடந்து எறக்குனேன். நானா எறக்குனேன், வியாதி எறக்கல. இத்தன வருசம் என் கையால பொங்கல் வாங்கித் தின்னீயளே, ஒருத்தருக்காவது ஒண்ணு ஆச்சா? ஆயிருந்தா இப்பச் சொல்லுங்க."

மைக் கீயென்று கத்தியது. பின்வரிசையில் இரண்டு பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். ஜமால் பாய் குனிந்து, கச்சையை எடுத்துத் தட்டி, பத்திரமாக ஓரத்தில் வைத்தார். அண்ணாச்சி மைக்கைத் தாழ்த்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். பார்வதியக்காவின் முகம் வெளுத்திருந்தது. போச்சு, இவர் வாயைத் திறந்தால் இந்தச் சந்தில் எனக்கு இடம் இல்லை என்று நினைத்தேன். தைரியமெல்லாம் பேசியது வரைக்கும்தான். பேசி முடித்ததும் தட்டின் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அம்மன் முன்னால என்ன வேடிக்க?" என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல். "கருப்பட்டிய எடுங்கடே. முள்ளு நேரா நிக்கணும்லா?"

எடுத்தார்கள். நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தேன். "பராபர்" என்றார் அக்கா. இந்தத் தடவை கத்தவில்லை. அண்ணாச்சி எழுபத்தெட்டு என்று மட்டும் மைக்கில் சொன்னார். போன வருஷத்தோடு ஒப்பிடவில்லை.

பொங்கல் பானையை நான்தான் கிண்டினேன், அதை யாரும் தடுக்கவில்லை. வாங்க வந்த வரிசைதான் பாதியாகிவிட்டது. வாங்கியவர்களில் ஒருத்தி தொன்னையைக் கோயில் சுவர் ஓரத்தில் வைத்துவிட்டு நழுவியதை என் கண்ணாலேயே பார்த்தேன். மாரி மிச்சப் பொங்கலை வழிக்கும்போது விசும்பினாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அடுத்த நாள் இரண்டு கடைக்காரர்கள் முறுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மாரி அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பற்றவை என்றேன். வாங்குகிறவன் வாங்கட்டும், நாம் சுடுவதை நிறுத்தினால் அவர்கள் நினைத்தது சரி என்று ஆகிவிடும்.

அதற்கு மறுநாள் காலை வழக்கம்போல் நடக்கக் கிளம்பினேன். கையில் காலிப் பை எடுக்கவில்லை, இனி யாருக்காக? நைன்டி ஃபீட் ரோடு முனையில் ஒரு பெரிய உருவம் நின்றது. பார்வதியக்கா. சேலைக்குக் கீழே மகனுடைய ஷூ போட்டிருந்தார்.

"எங்க போறீய அக்கா?" என்றேன்.

"நீ போற எடத்துக்குத்தான். நட."

ரயில் பாலத்தைத் தாண்டி ஃபைவ் கார்டன் வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. திறக்க மூச்சும் இல்லை. அரைச் சுற்று போனதும் ஒரு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். சண்டைக்கு வந்திருந்தால் பதில் சொல்லலாம் என்று மனதுக்குள் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

"எனக்கும் ஒண்ணு இருக்குட்டி" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"மஞ்சக் காமாலயில பி-ன்னு ஒண்ணு இருக்காம்லா, அது. சின்னவன் வயித்துல இருக்கும்போது ரத்தத்துல கண்டுபிடிச்சாவ. உள்ளயே உக்காந்திருக்கும், போவாதுன்னாவ. எங்க தம்பிக்கும் அதான் இருந்துச்சு. வயிறு வீங்கி, கையி காலு குச்சியாப் போயிச் செத்தான். வெளிய தெரிஞ்சா கடையில யாரு அரிசி வாங்குவான்னு அண்ணாச்சி வாயப் பொத்திட்டாவ. பெறவு நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகல."

"அதான் இப்படித் தின்னியளா?"

"நீ எதுக்குத் தின்னியோ அதுக்குத்தான்."

இரண்டு குண்டுப் பொம்பளைகள், ஒரே சந்தில், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, ஒரே காரணத்துக்காகப் போட்டி போட்டுத் தின்றிருக்கிறோம். சிரிப்பதா அழுவதா?

"ஒம் புருசன் போனப்பவே எனக்குத் தெரியும், ஒனக்கும் இருக்கும்னு" என்றார் அக்கா. "சொல்லல. ஒன்னயே பாத்துக்கிட்டிருப்பேன். வருசா வருசம் நீ தராசுல ஏறும்போது அந்த முள்ளப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். நீ ஏறியிருந்தா, சரி, உள்ள ஒண்ணு இருந்தாலும் மனுசி இருக்கலாம்போலன்னு வீட்டுக்குப் போயி நிம்மதியாப் படுப்பேன். பராபர்னு நான் கத்துனது ஒனக்கு இல்லட்டி. எனக்கு."

என்னைக் கண்டுபிடிக்கப் போகிற கண் என்று நான் அத்தனை வருஷம் பயந்த கண் அது. அந்தக் கண்ணுக்கு ஒளிந்து நான் தின்ற நெய்க்குக் கணக்கு இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். நாய் பிடித்துப் போன ஒரு ஐயா நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"முந்தாநாளு நீ கல்ல எறிஞ்சு மேல போனப்ப என் உசுரே போயிட்டு. பெறவு நீ பேசுன பாரு" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் தட்டுத மெஷினு, எனக்கும் தட்டுமா? வலிக்குமா?"

"சுண்டுவெரலால சுண்டுனாப்ல இருக்கும். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். டாக்டரம்மா திட்டும், வாங்கிக்கிடுங்க. தூங்குத வைரஸ முழிக்க விடாம இருக்க ஒங்களுக்கும் மருந்து வேணுமா வேண்டாமான்னு அதுதான் சொல்லும். அண்ணாச்சிக்கும் பிள்ளையளுக்கும் ஊசி போடணுமான்னும் கேட்டுக்கிடுவோம். இப்ப எந்திரிங்க, அரைச் சுத்து பாக்கி."

"கையக் குடு" என்றார். கொடுத்தேன். எழுந்த பிறகும் அவர் விடவில்லை. பாலத்தில் விடவில்லை, ரோட்டில் விடவில்லை. எங்கள் சந்து முனைக்கு வந்ததும் விடுவார் என்று நினைத்தேன். இன்னும் இறுக்கிப் பிடித்தார். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை மறந்து பார்த்தார்கள். என் வீட்டு வாசலில் மாரி அன்றைய முதல் ஈட்டு முறுக்கை எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தாள். அக்கா நடுச்சந்தில் நின்றார்.

"ஆவுடை, ஒரு முறுக்கு குடு" என்றார், தராசடியில் கத்துகிற அதே குரலில்.

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். சந்துக்கும் தெரிந்தது. ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்? "ஒங்க ஈரலுக்கு ஆகாதுக்கா" என்று நானும் அதே அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. இப்படி நடுச்சந்தில் உடைத்துவிட்டேனே என்று நான் நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஆமா, எனக்கும் ஈரல்ல கோளாறுதான். எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றார். "பாதியாவது குடு."

சூடான முறுக்கை எடுத்து இரண்டாக ஒடித்துப் பாதியை என் கையால் கொடுத்தேன். நடுச்சந்தில் நின்று, அவசரப்படாமல், நறநறவென்று கடித்துத் தின்றார். குழாயடியில் நின்ற ஒருத்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் நடந்து வந்தாள்.

"நாளைக்கு ஒரு சுத்து கூட நடக்கணும்" என்றேன் அக்காவிடம்.

வாய் நிறைய முறுக்கோடு தலையாட்டினார்.